வேர் வரும்வரை வாடக்கூடாது

நேயர்களுக்கு வணக்கம். முருங்கைப் போத்தை வேலியோரம் ஊன்றிவிட்டு மறந்துபோனாலும் அது தழைத்துவிடும். முற்றிய கட்டை, உள்ளே சேமிப்பு இருக்கிறது. நான் பேச வந்தது அதற்கு நேர் எதிரான சங்கதி: இளந்தண்டை வெட்டி நட்டுப் புதுச்செடி ஆக்குவது. இளந்தண்டு என்றால் இந்தப் பருவத்தில் விட்ட பச்சைத் துளிர்த்தண்டு. இது சீக்கிரம் வேர்விடும், அதைவிடச் சீக்கிரம் வாடும். தண்ணீர் உறிஞ்ச வேர் இல்லை. இலையோ நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. வேர் வரும்வரை அந்த இலையைக் காப்பாற்றுவதுதான் மொத்த வேலையும்.

நம் இடுக்கி மலையில் குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் இது புதிதில்லை. தேயிலை நாற்றங்காலில் ஓர் இலை, ஒரு கணு என்று வெட்டி நட்ட கைகள் இங்கே எத்தனையோ. விதைத் தேயிலை செடிக்குச் செடி வேறு மாதிரி இருக்கும். தண்டில் வந்தது தாய்ச்செடியை அப்படியே உரித்து வைத்திருக்கும். ஆனால் தேயிலையில் நுனிக் கொழுந்தையும் அடியில் பழுப்பேறிய கட்டையையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியைத்தான் எடுப்பார்கள். செவ்வந்தி, வண்ண இலைக்காக வளர்க்கும் கோலியஸ், பந்து மாதிரிக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, இவற்றுக்கு நுனித்தண்டே போதும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, அதற்குத் தண்டை விட்டால் வேறு வழியில்லை.

ஹைட்ரேஞ்சியாவையே எடுத்துக்கொள்வோம். வெயில் ஏறுமுன், மொட்டு வைக்காத தண்டாகப் பார்த்து வளைத்துப் பாருங்கள். டப்பென்று ஒடிந்தால் சரியான பதம். ரப்பர் மாதிரி வளைந்தால் ரொம்பப் பிஞ்சு. ஒடியாமல் முரண்டு பிடித்தால் முற்றிவிட்டது. சுமார் 10 செ.மீ. நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே, புது பிளேடால் வெட்டுங்கள். மேலே ஒரு ஜோடி இலை போதும், மற்றதைக் கிள்ளிவிடலாம். அந்த ஜோடியும் உள்ளங்கை அகலம் இருந்தால் குறுக்கே பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். பார்க்க மனசு வராது, ஆனால் வாடல் குறையும்.

நடும் தொட்டியில் மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி. உரம், சாணம் எதுவும் வேண்டாம். வேரில்லாத தண்டுக்கு அதனால் பயனில்லை, அழுகல்தான் வரும். குச்சியால் குழி போட்டபின் தண்டை இறக்குங்கள். இல்லாவிட்டால், வேர்விடத் தூண்டும் வேர்ப்பவுடரைத் தண்டின் அடியில் தொட்டிருந்தால் அதெல்லாம் மண்ணோடு போய்விடும். அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து காற்று விடுங்கள்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கிவிட்டால் கதை மாறும். வாடல் போய் அழுகல் வரும். அப்போது தொட்டியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

புதுத் துளிர் வந்ததும் வேர்விட்டுவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். தண்டில் மிச்சமிருந்த சத்திலேயே துளிர்த்திருக்கலாம். மூன்று வாரம் போனபின் லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர்.

அப்புறம் ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். இங்கே நீலமாகப் பூத்த செடியின் தண்டுதானே, மலைக்குக் கீழே கம்பம் ஊரில் அக்கா வீட்டில் ஏன் ரோஸாகப் பூக்கிறது? செடி மாறவில்லை, மண் மாறிவிட்டது. நம் மலைமண் புளிப்பு, அதிலுள்ள அலுமினியத்தைச் செடி எடுத்துக்கொள்ளும், பூ நீலமாகும். சுண்ணாம்பு மண்ணில் அது கிடைக்காது. அக்காவுக்கு நீலம்தான் வேண்டுமென்றால் படிகாரத்தை நீர்க்கக் கரைத்து அவ்வப்போது ஊற்றச் சொல்லுங்கள். வெள்ளை ரகமாக இருந்தால் அதுவும் பலிக்காது.