லார்ச் மரம் ஏன் இலை உதிர்க்கிறது? தைகா பற்றிய நேயர் கேள்வி

இன்று, வடகோளத்தின் குளிர்ப் பகுதியில் பரந்து கிடக்கும் ஊசியிலைக் காடான தைகா பற்றி ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "தைகாவின் குளிரைத் தாங்கத்தான் மரங்கள் ஊசியிலையோடு ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கின்றன என்றீர்கள். ஆனால் குளிர் மிகக் கடுமையான கிழக்கு சைபீரியாவில் இலையுதிர்க்கும் லார்ச் மரம்தானே நிறைந்திருக்கிறது? விலங்குகள் அங்கே எப்படிப் பிழைக்கின்றன?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

மிகச் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். குளிர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். தாகத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் மண்ணில் தண்ணீர் இருக்கும், ஆனால் பனிக்கட்டியாக இருக்கும். வேரால் அதை உறிஞ்ச முடியாது. அந்த நேரத்தில் இலை வழியாக ஈரம் போய்க்கொண்டே இருந்தால் மரம் நின்றபடியே காய்ந்துவிடும். ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் ஸ்புரூஸ் மரத்தின் ஓர் ஊசியை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். நான்கு பக்கங்கள் இருப்பதால் எளிதாக உருளும். விறைப்பாக, மெழுகு பூசியதுபோல் இருக்கும். ஈரம் வெளியேறும் இலைத்துளைகள் சிறு பள்ளங்களுக்குள் பதுங்கியிருக்கும். இவ்வளவு உறுதியான இலையைச் செய்ய மரத்துக்குச் செலவு அதிகம். மண்ணோ சத்தில்லாத அமில மண், கோடையோ இரண்டு மூன்று மாதம். ஆண்டுதோறும் புதிதாகச் செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஓர் ஊசியை ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலும் வைத்துக்கொள்கிறது.

கிழக்கு சைபீரியாவில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அங்குள்ள வெர்கோயான்ஸ்க் ஊரில் 1892ஆம் ஆண்டு மைனஸ் 67.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி வெயில்! மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரைத் தொடாது. கோடையிலும் அடிமண் உருகுவதில்லை. மேலே இளகும் மெல்லிய அடுக்கு மட்டுமே வேருக்குக் கிடைக்கும் இடம். வசந்தத்தின் தொடக்கத்தில் வெயில் ஏறிவிடும், வேரைச் சுற்றிய மண் அப்போதும் கல்லாகக் கிடக்கும். இலையோடு நிற்பதுதான் அங்கே ஆபத்து.

லார்ச்சின் ஊசியைத் தொட்டால் வேறுபாடு உடனே தெரியும். கொத்துக்கொத்தாக, இளம்புல்லைப்போல் மென்மையாக இருக்கும். அதிகச் செலவில்லாத இலை. இலையுதிர்காலத்தில் பொன்னிறமாக மாறும்போது, அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதியைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொண்டு சக்கையை மட்டும் கீழே போடுகிறது. இந்தச் சிக்கனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை. ரஷ்யாவின் வடகோடியிலுள்ள தைமிர் தீபகற்பத்தில் 72ஆம் அட்சக்கோட்டுக்கும் வடக்கே லார்ச் நிற்கிறது. வேறெந்த மரமும் அவ்வளவு வடக்கே காடாக வளர்வதில்லை.

லார்ச் காட்டில் பல இடங்கள் சதுப்பாகவே இருக்கும். இவ்வளவு குறைந்த மழையில் சதுப்பு நிலம் எங்கிருந்து வருகிறது என்று தோன்றலாம். உறைந்த அடிமண் தண்ணீரைக் கீழே இறங்க விடாது, குளிரில் ஆவியாவதும் குறைவு. அந்தத் தேங்கிய ஈரம்தான் கோடையில் லார்ச்சை வளர்க்கிறது.

இலை போனாலும் கிளையும் தண்டும் குளிரில் நிற்கத்தானே வேண்டும்? செல்லுக்குள் பனிக்கட்டி உருவானால் செல் கிழிந்துவிடும். அதனால் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறி, செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் உறைகிறது. உள்ளே மிஞ்சுவது உறையாத கெட்டியான சர்க்கரைப் பாகு.

விலங்குகளில் பல, பனியையே போர்வையாக்கிக்கொள்கின்றன. வெளியே மைனஸ் 40 இருந்தாலும், ஆழமான பனிக்கு அடியில் தரையை ஒட்டிய இடைவெளி உறைநிலையை ஒட்டியே இருக்கும். வோல் எனும் சிற்றெலிகள் அங்கே சுரங்கம் அமைத்துக் குளிர்காலம் முழுவதும் நடமாடுகின்றன. தைகாவின் இன்னொரு பகுதியான அலாஸ்கா, கனடா காடுகளில் வாழும் வுட் ஃபிராக் (wood frog) எனும் தவளை லார்ச்சின் வழியிலேயே போகிறது. சருகுக்கு அடியில் படுத்துக்கொள்ளும்; உடல் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைந்துவிடும்; மூச்சும் இதயமும் நின்றுவிடும். கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸ்தான் செல்களின் உள்ளே உறையாமல் காக்கிறது. வசந்தத்தில் பனி இளகியதும் முதலில் இதயம் துடிக்கத் தொடங்கும்; கால் அசைவது அதற்குப் பிறகுதான்.