மெகா ஆஃபரும் மகாராஜகடையும் சொந்தக்காரங்களா?

(காட்சி: கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட். ஜவுளிக்கடை வாசலில் 'மெகா ஆஃபர்' பேனர். அதைத் தாண்டி மகாராஜகடைங்கற ஊருக்குப் போற பஸ்.)

வணக்கம் மக்களே! அந்த பேனரையும் பஸ் போர்டையும் சேர்த்துப் படிங்க. ஒண்ணுல மெகா, இன்னொண்ணுல மகா. ரெண்டும் ஒரே வேர்ல கிளைச்ச சொல்லு. சத்தியமாங்க!

'மெகஸ்'னா கிரேக்கத்துல பெரியது. இங்கிலீஷ் வழியா நம்ம மெகா சீரியல் வரைக்கும் வந்துடுச்சு.

மகா, சமஸ்கிருதம், அங்க 'மஹா'. இதுலேருந்து அது வரல, அதுலேருந்து இதுவும் வரல. ரெண்டு மொழிக்கும் பல ஆயிரம் வருஷம் முன்னாடி ஒரே மூலமொழி. தமிழ் வேற குடும்பம். மகாவை நாம வாங்கிக்கிட்டோம்.

ஒரு சொல்லு ஒத்துப்போனா தற்செயல்னு விட்டுடலாம். இங்க வரிசையா வருது, அதுதான் எனக்குப் புல்லரிக்குது! கிரேக்கத்துல 'எ' இருக்கிற இடத்துல சமஸ்கிருதத்துல 'அ'. பத்துக்கு அங்க 'தெக', இங்க 'தச'. ஏழுக்கு அங்க 'ஹெப்த', இங்க 'சப்த', நம்ம ஏரிக்கரை சப்த கன்னிமாருல வர்ற அதே சப்த.

இப்ப 'நான்'கற சொல்லைப் பாருங்க. கிரேக்கத்துல 'எகோ', சமஸ்கிருதத்துல 'அஹம்'. எ போய் அ, க போய் ஹ. மெகா, மஹாவுலயும் அச்சு அசலா இதேதான்! அப்போ "அவனுக்கு ஈகோ"ன்னு சொன்னாலும் "அகங்காரம்"னு சொன்னாலும் வேர் ஒண்ணுதான். இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அளவுல மெகான்னா 10 லட்சம். தருமபுரி வானொலி 102.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 கோடியே 25 லட்சம் அதிர்வு.

(காட்சி: கிருஷ்ணகிரி மாவட்டம், மல்லசந்திரம் பாறை.)

கடைசியா மெகாலித். 'லிதோஸ்'னா கல். பெருங்கல்! பாடப் புத்தகத்துல பெருங்கற்காலம்னு படிச்சோமே, அது. மல்லசந்திரத்துல அந்தக் காலத்துக் கல்திட்டைங்க, அதாவது செத்தவங்களுக்காகக் கல்லுல கட்டின சின்ன அறைங்க, இன்னமும் நிக்குது. சுத்தியும் பலகைக்கல்லு, மேல ஒரே மூடுகல்லு, ஒரு பலகையில மட்டும் வட்டமா துளை. இரும்பு உளி பட்ட அந்த விளிம்பைக் கிட்ட போய்ப் பாருங்க, ஆனா அதுல பேரு மட்டும் கீறிடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

பல ஊர்ல இதைப் பாண்டவர் வீடும்பாங்க. உங்க ஊர்ல என்ன பேரு? கமெண்ட்ல போடுங்க.