மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை

எல்லோருக்கும் வணக்கம். நாய் வளர்க்கிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒருவன் இருந்தான். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தோப்புக் கொட்டகையில் பிறந்து, நாலு மாதம் வரை அங்கேயே வளர்ந்தவன். எங்களிடம் வந்த பிறகும் வெளியாள் யாரைப் பார்த்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். "குட்டியில் யாரோ அடித்திருப்பார்கள்" என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவனை யாரும் அடித்ததில்லை. பழக வேண்டிய வயதில், அதாவது மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, பழக ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓநாய்க்குட்டி, நாய்க்குட்டி இரண்டுக்குமே மோப்பம் ஏறக்குறைய இரண்டாவது வாரத்தில் வருகிறது; செவி நாலாவது வாரத்தில், தெளிவான பார்வை ஆறாவது வாரத்தில். கேத்ரின் லார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2013-இல் இதை வெளியிட்டார். ஆனால் ஓநாய்க்குட்டி இரண்டாவது வாரமே நடந்து திரியத் தொடங்கிவிடுகிறது. காது கேட்காது, கண் தெரியாது, மூக்கு ஒன்றுதான் துணை. பின்னால் காது கேட்க ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு சத்தமும் அதைத் திடுக்கிட வைக்கிறது. நாய்க்குட்டி நாலாவது வாரத்தில்தான் கிளம்புகிறது. அதனால் மனிதக் குரலும் முகமும் அதற்குச் சீக்கிரமே பழகிவிடுகின்றன.

1959-இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியல் விஞ்ஞானி ஒரு சோதனை தொடங்கினார். மனிதரைக் கண்டு மிரளாத வெள்ளி நரிகளை மட்டும் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார். அவருக்குப் பின் லுத்மிலா த்ரூத் அதைத் தொடர்ந்தார். நரிகளின் காது தொங்கியதையும் வால் சுருண்டதையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. சாதாரண நரிக்குட்டிக்கு ஆறாவது வாரத்திலேயே புதியதைக் கண்டால் பயம் வந்துவிடும். இந்த நரிகளின் குட்டிகளுக்கு ஒன்பதாவது வாரம், சிலவற்றுக்கு அதற்கும் பிறகுதான் வந்தது. அட்ரீனல் சுரப்பியின் மன அழுத்த ஹார்மோன்கள் ஏறுவதும் தள்ளிப்போயிருந்தது. பயம் வந்து சேரும் நாள் தள்ளிப்போனால், பழகக் கிடைக்கும் நாள் கூடுகிறது. நாய் நம் வீட்டு விலங்கானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

சரி, அந்த நாட்கள் வீணானால்? அமெரிக்காவின் பார் ஹார்பரில், ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை 1961-இல் வெளிவந்தது. உயரமான வேலி போட்ட வயலில், மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் ஒரு வாரம் வெளியே எடுத்து ஆட்களோடு பழக விட்டார்கள். மூன்றாவது வாரத்தில் எடுத்தவை ஆளைக் கண்டதும் ஒட்டிக்கொண்டன. பதினாலாவது வாரம் வரை மனிதக் கை படாதவை காட்டு விலங்குபோலவே ஆகிவிட்டிருந்தன. இதைப் படித்த அன்று மணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவனைக் கோழை என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்!

பெரிய நாய்க்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆறு வருஷம் கழித்து மணி பால்காரர் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்றான். ஆறு வருஷம்!

குட்டி வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். விளையாடும்போது எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பதை அது கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்றுக்கொள்கிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று இந்திய அரசின் 2017 விதிகளும் சொல்கின்றன. அப்புறம், தடுப்பூசி முடியும்வரை குட்டியை அறைக்குள் பூட்டி வைக்கும் வழக்கம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் பற்றிய பயம் நியாயமானது. தெரு மண்ணில் இறக்கிவிட வேண்டாம். ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போகலாமே. ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், பள்ளிப் பிள்ளைகள் என எல்லோரையும் அது பார்க்கட்டும். குக்கர் விசில் கேட்கட்டும். உங்கள் குட்டிக்கு இப்போது பத்து வாரம் என்றால், இன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுற்று போய்வாருங்கள்.