தெருவின் பெயரில் ஒரு வரி

வணக்கம். கடை வைத்திருக்கும் நேயர்களிடம் ஒரு கேள்வி. வாடகையோடு மாதாமாதம் ரி.எம்.ஐ. கட்டுகிறீர்கள், வரி, பராமரிப்பு, காப்புறுதி. அந்த வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் கேட்டதுண்டா? உங்கள் தெருவுக்கு பி.ஐ.ஏ., அதாவது ஓர் எல்லைக்குள் உள்ள கடைக்காரரும் கட்டட உரிமையாளரும் சேர்ந்து தெருவை மேம்படுத்தும் அமைப்பு, இருந்தால், அதன் கட்டணமும் அதற்குள்தான். விளக்குக் கம்பத்தில் தொங்கும் பூச்சட்டி, நத்தார் அலங்காரம், கோடையில் தெருவை மூடி நடக்கும் விழா, எல்லாம் அந்தக் காசு.

இந்த ஏற்பாடு உலகத்திலேயே முதலில் வந்தது நம் ரொறன்ரோவில். எங்கே பேசக் கூப்பிட்டாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். மேற்கே புளோர் வீதி, ஜேன் சந்திக்குப் பக்கம். ட்ராம் ஓடிய காலத்தில் ஏறி இறங்குகிறவர்கள் போகிற வழியில் ஒரு பாணாவது வாங்கிப் போவார்கள். 1964இல் யோர்க்டேல் மோல் திறந்தது. 1968இல் சுரங்க ரயில் அந்தப் பக்கம் நீண்டது. சனமெல்லாம் நிலத்துக்குக் கீழே போக, கடைவாசல் வெறிச்சோடியது. கடைக்காரர்கள் கூடி, தெருவை அழகுபடுத்தக் காசு சேர்த்தார்கள். பிறகென்ன, கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்த்தவர்களுக்குத் தெரியும்: சிலர் கொடுப்பார்கள், சிலர் "பிறகு பார்ப்பம்" என்பார்கள். விளக்கு எரிந்தால் கொடுக்காதவர் கடைக்கும்தானே வெளிச்சம்? அதனால் எல்லாரிடமும் சொத்துவரியோடு சேர்த்து அறவிட வழி கேட்டார்கள். ஒன்ராறியோ மாகாணம் அதற்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. 1970இல் புளோர் வெஸ்ட் வில்லேஜ் பி.ஐ.ஏ. பிறந்தது. இன்று ரொறன்ரோவில் மட்டும் 80க்கு மேல்.

சரி, யார் நடத்துவது? ரொறன்ரோவுக்குத் தனிச் சட்டம், தனி விதிகள். நான் இனிச் சொல்வது மார்க்கம், மிசிசாகா மாதிரியான ஊர்களுக்கு, ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டப்படி. நிர்வாக சபையில் நகரசபை நேரடியாக நியமிக்கும் ஒருவராவது இருப்பார். மற்றவர்களை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். அதையும் நகரசபை ஏற்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்துக்கும் நகரசபையின் ஒப்புதல் வேண்டும். உறுப்பினர் யார்? கட்டட உரிமையாளர் மட்டுமல்ல, வாடகைக்கு இருக்கும் நீங்களும்தான். ஐந்து கட்டடம் வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, மூலையில் உள்ள பலசரக்குக் கடைக்கும் ஒரு வாக்கு. திரும்பவும் சொல்கிறேன், வாடகைக்காரருக்கும் வாக்கு உண்டு.

பி.ஐ.ஏ.யைக் கலைக்கும்போதுதான் கணக்கு மாறும். நிர்வாக சபையே தீர்மானம் போட்டுக் கேட்கலாம். இல்லையென்றால், அந்த எல்லைக்குள் உள்ள வணிகச் சொத்துகளின் வரியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பொறுப்பானவர்கள் கையெழுத்திட்டுக் கேட்கலாம். 60 நாளுக்குள் நகரசபை அறிவித்தல் அனுப்ப வேண்டும். அனுப்பி முடித்த பின் இன்னொரு 60 நாளுக்குள், அறிவித்தலுக்கு உரியவர்களில் பாதிப் பேராவது கலைக்கச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும்; அவர்கள் வரியிலும் பாதிக்குப் பொறுப்பானவர்களாக இருக்க வேண்டும். ஆளும் பாதி, காசும் பாதி. ஒரு பேச்சுக்கு, 100 பேரில் 60 சிறு கடைக்காரர் கையெழுத்திட்டார்கள் என்று வையுங்கள். வரியில் பாதிக்கு மேல் கட்டும் பெரிய கட்டடக்காரர் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் போதும், ஒன்றும் நடக்காது. பேசாதவர் "இருக்கட்டும்" என்று சொன்னதாகவே கணக்கு. தோற்றால், அடுத்த கோரிக்கையை நகரசபை இரண்டு வருடத்துக்கு எடுக்கத் தேவையில்லை.

தொடங்கும்போதே தடுப்பதற்கு இவ்வளவு பாடு இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஆளும் மூன்றில் ஒரு பங்கு வரியும் எதிர்த்தாலே பி.ஐ.ஏ. வராது. ஆகவே, பி.ஐ.ஏ. தொடங்கப் போவதாக நகரசபை அனுப்பும் அந்த முதல் கடிதம்தான் முக்கியம். அது யாருக்கு வருகிறது? உரிமையாளருக்கு. வரியில் பங்கு கட்டும் ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் அவர் 30 நாளுக்குள் பிரதி கொடுக்க வேண்டும். யார் யார், எவ்வளவு பங்கு என்று நகரசபைக் கிளார்க்குக்குப் பட்டியலும் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். வெறும் இலக்கத்தையே பெயராக வைத்த கம்பனியின் பேரில் வேறு ஊரில் இருக்கும் உரிமையாளரின் மேசையில் அந்தக் கடிதம் கிடக்கும். இங்கே கவுண்டரில் நிற்பவருக்குத் தெரியாது. உரிமையாளரிடம் கேளுங்கள். கிளார்க் அலுவலகத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள்.

இதிலே ஒரு வேடிக்கை, நகரசபை தானாகவே கலைக்க நினைத்தால் இந்த அறிவித்தல், கையெழுத்து ஒன்றுமே தேவையில்லை.

இங்கிலாந்தில் இப்படியான அமைப்புகளுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வாக்கெடுப்பு, வென்றால்தான் தொடரலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். கலைத்ததும் சொத்தும் கடனும் நகரசபைக்குப் போகும். கடன் கூடுதலாக இருந்தால், மிச்சத்தை அதே எல்லைக்குள் உள்ள வணிகச் சொத்துகளிடம் அறவிட நகரசபைக்கு அதிகாரம் உண்டு. கலைக்கக் கையெழுத்துப் போடுமுன் கணக்கறிக்கையை வாங்கிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.