கழுதை புரண்ட களமும் எகிப்தியர் கணக்கும்

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, காலில் கட்டோடு படியேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்த புரவலர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகப் பெருமக்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய தலைமையாசிரியை அம்மா தம்முடைய நேரத்தில் பத்து நிமிடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு என் நன்றி.

பண்டைய எகிப்தியரைப் பற்றி நான் மூன்று செய்திகள் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்: அரசர்கள், தெய்வங்கள், மக்கள். அதற்கு முன் ஒரு பழமொழி. என் தாத்தா நெல் மண்டி வைத்திருந்தவர். நாள்தோறும் விளக்கு வைத்ததும் நோட்டைத் திறந்து உட்கார்ந்து, "எழுதி வழங்கான் வாழ்க்கை கழுதை புரண்ட களம்" என்பார். கொடுத்ததையும் வாங்கியதையும் எழுதி வைக்காதவனின் வாழ்வு, கழுதை புரண்டு நெல்லும் பதரும் கலந்துபோன களம்போல ஆகிவிடும் என்பது பொருள்.

அரசர்களை விரைவாகப் பார்த்துவிடுவோம். கூபு மன்னனின் பெரிய பிரமிடு ஏறத்தாழ 146 மீட்டர் உயரம் எழுந்தது. அதற்குக் கல் கொண்டுவந்தவர்களை வெறும் அடிமைக் கூட்டமாகவே நெடுங்காலம் கதை சொன்னார்கள். 2013ஆம் ஆண்டு செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ப் என்னும் இடத்தில் பாப்பிரஸ் என்னும் நாணல் தாளில் எழுதிய ஏடுகள் கிடைத்தன. மேரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு அது. தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, அந்தப் பிரமிடு எழுந்த கீசாவுக்குக் கொண்டுபோன பயணத்தை அவர் நாள்தோறும் குறித்திருக்கிறார். 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய வேலைக் கணக்கு! மன்னன் பெயரை எல்லோரும் அறிவோம். மேரெர் பெயர் நமக்குத் தெரிவது அவர் எழுதியதால்தான்.

தெய்வங்களை இன்று விட்டுவிடுகிறேன். மக்களுக்கு வருவோம், என் நெஞ்சு அங்கேதான் நிற்கிறது.

நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்சருக்கு எதிரே, டெய்ர் எல்-மதீனா என்னும் சிற்றூர். அரசர் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். பாப்பிரஸ் விலை அதிகமான பொருள். ஆகவே உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதினார்கள். இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்பது பேர் பெயர். தேதி கறுப்பு மையில், வராததற்குக் காரணம் சிவப்பு மையில். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவர் பீர் காய்ச்சினார். ஒருவர் இறந்த தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போனார். கழுதையை வாடகைக்கு விட்டதற்கும் கணக்கு உண்டு, வாடகைக் கழுதை செத்தால் யார் பொறுப்பு என்ற வழக்கும் உண்டு. கழுதைக்கே கணக்கு வைத்தவர்கள் களத்தில் கழுதை எப்படிப் புரளும்?

இப்போது அந்த ஊரின் போராட்டக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காசு புழங்காத காலம், கூலி தானியம். ஒரு தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 1157 வாக்கில், தானியம் வரவில்லை. மாதத்தில் பதினெட்டு நாள் போய்விட்டது. வீட்டில் பிள்ளைகள், அடுப்பு எரியவில்லை. என்ன செய்தார்கள்? கருவிகளை வைத்துவிட்டு, கல்லறைப் பகுதியின் ஐந்து மதில்களையும் கடந்து நடந்தார்கள். மூன்றாம் துட்மோசின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் ஓடி வந்தார்கள், உள்ளே வாருங்கள் என்றார்கள், ஆணையிட்டும் பார்த்தார்கள். அசையவில்லை! மறுநாளும் வந்தார்கள். "பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. எங்கள் நல்ல தலைவரான பாரோ மன்னருக்கு எழுதுங்கள்" என்றார்கள். கவனியுங்கள், 'சொல்லுங்கள்' என்று நிறுத்தவில்லை, எழுதச் சொன்னார்கள். முந்தைய மாதத்துப் படி அளக்கப்பட்டது. பிறகும் தட்டுப்பாடு, பிறகும் போராட்டம். களஞ்சியமே காலி என்று அமைச்சர் தோ சொல்லியனுப்பி, இருந்ததில் பாதிப் படி கொடுத்தார். வரலாற்றில் பதிவாகி நமக்குக் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் இது. இதையெல்லாம் அமென்நக்த் என்ற ஊர்க் கணக்கர் எழுதிய ஏடு இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே மூன்றாம் ராம்சேஸ் மெதினெத் ஹாபுவில் எழுப்பிய கோயில் சுவரில் போர் வெற்றிகள் இருக்கின்றன, கடவுளுக்கு அளக்க வேண்டிய தானியப் பட்டியலும் இருக்கிறது. தொழிலாளிக்கு அளக்காத தானியத்தின் கணக்கை அமென்நக்தின் ஏட்டில்தான் படிக்கிறோம்.

தாய்மார்களுக்காக இன்னொன்று. அதே ஊரில் நவுநக்தே என்றொரு மூதாட்டி. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஐந்தாம் ராம்சேசின் மூன்றாம் ஆண்டில் ஊர் மன்றத்தில் நின்று, முதுமையில் தம்மைப் பார்க்காத பிள்ளைகளுக்குத் தம் சொத்தில் பங்கில்லை என்று எழுதி வைத்தார். பெண்ணுக்குச் சொந்தச் சொத்து, அதைத் தன் விருப்பப்படி கொடுக்கும் உரிமை!

இந்த ஊரார் எழுதிய ஓடுகளில் ஆயிரக்கணக்கானவை எங்கே கிடைத்தன தெரியுமா? ஊருக்கு அருகே இருந்த ஒரு பெரும் பள்ளத்தில், குப்பையோடு. அவர்கள் வீசியதை வறண்ட மணல் காத்தது. நம் ஊரில் மழையும் கரையானும் உண்டு, மணல் நமக்குத் துணை வராது. எகிப்தின் குசேர் அல்-காதிமில், ரோமர் காலத்தில், பானை ஓடு ஒன்றில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி', அதாவது பானை வைக்கும் உறி, என்று எழுதியவர் கையும் அந்த மணலால்தான் நமக்குக் கிடைத்தது.

வீடு மாறியபோது என் தாத்தாவின் நாற்பது ஆண்டு நோட்டுகளை எடைக்குப் போட்டோம். எந்த ஆண்டு மழை பொய்த்தது, யாருக்கு எத்தனை மரக்கால் கடன் போனது, யார் திருப்பித் தரவே இல்லை, அத்தனையும் அவற்றில் இருந்தது. எழுதி வழங்கியவர் வாழ்க்கையையே நாங்கள் கழுதை புரண்ட களமாக்கினோம். அந்த வலியோடுதான் கேட்கிறேன்: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் குடும்பக் காகிதங்களுக்கென்று ஒரு இரும்பு அலமாரி வேண்டும். மளிகைக் கணக்கு, கடிதம், கூலிப் பட்டியல், மொய் நோட்டு, எதுவானாலும் வாங்கி, எண்ணிட்டு, பதிவேட்டில் ஏற்றி வைக்க வேண்டும். மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மனுவில் நம் வாசகர் வட்டத்தினர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இதோ, மேடையிலேயே அவர்களிடம் தருகிறேன். இந்தத் தகரப் பெட்டியில் என் அம்மா முப்பது ஆண்டுகள் எழுதிய பால் கணக்கு இருக்கிறது. அலமாரி வந்ததும் முதல் தட்டில் வைக்க இதை இன்றே நூலகரிடம் ஒப்படைக்கிறேன். நன்றி, வணக்கம்.