படிக்கட்டின் நடுவே ஓடும் எல்லை

எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் புரூஸ் சாட்வின் ஓரிடத்தில் கால் தரிக்காத மனிதர். தென் அமெரிக்காவின் தென்கோடியான பட்டகோனியா பற்றி 1977-இல் வந்த பயண நூல்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அப்படிப்பட்டவர் எழுதிய கதையா இது என்று எனக்கு ஆச்சரியம். 1982-இல் வந்த ‘ஆன் த பிளாக் ஹில்’ நாவலில், இருக்கிற இடத்தை விட்டு அசையாத இரண்டு கிழவர்களின் கதையைச் சொல்கிறார்.

லூயிஸ், பெஞ்சமின். 1900-இல் பிறந்த இரட்டையர். வேல்ஸும் இங்கிலாந்தும் உரசிக்கொள்ளும் மலைப்பகுதியில் ‘தி விஷன்’ என்றொரு பண்ணை. ராட்னர், ஹெரிஃபோர்டு என்ற இரண்டு மாவட்டங்களின் எல்லை அந்த வீட்டு மாடிப்படியின் நடுவே ஓடுகிறது என்பார்களாம். 1910-இல் கடற்கரைக்குப் போய் வந்ததைத் தவிர, இருவரும் ஹெரிஃபோர்டைத் தாண்டியதில்லை. தாய் தகப்பன் படுத்த கட்டிலிலேயே 42 வருஷம் அருகருகே படுத்துத் தூங்கியவர்கள்.

அம்மா மேரி, பாதிரியார் மகள். இந்தியாவில் இருந்துவிட்டு வந்தவள். ஒருநாள் அந்த நினைவில், காரம் குறைத்து நம்மூர்க் குழம்பு வைக்கிறாள். கணவன் ஏமஸ் ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, பாத்திரத்தைத் தரையில் போட்டு உடைக்கிறான். பெஞ்சமின் ஏன் அம்மாவின் முந்தானையையே பிடித்துக்கொண்டு வளர்ந்தான் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

முதல் உலகப் போர் வருகிறது. 1916-இல் பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம். பண்ணை வேலைக்கு ஆள் வேண்டும் என்று விலக்குக் கேட்கலாம், கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. பெஞ்சமினைப் பிடித்து ஹெரிஃபோர்டு படைமுகாமில் அடைக்கிறார்கள். அங்கே அவனை வதைக்கிறபோது, ஊரில் இருக்கும் லூயிஸுக்கு முதுகு வலிக்கிறது. நானும் இதை முதலில் ‘ஆகா, என்ன பாசம்’ என்றுதான் படித்தேன். இப்போது அப்படிப் படிக்க முடியவில்லை.

ஏனென்றால் லூயிஸ் வெளியே போக ஆசைப்பட்டவன். பெண்கள் மேல் ஆசை, தூர தேசங்கள் மேல் ஆசை, ஆகாய விமானம் என்றால் பைத்தியம். விமான விபத்துச் செய்திகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பான். பெஞ்சமினுக்கோ அண்ணன் தம்பி இருவரும் பண்ணையிலேயே இருந்தால் போதும். அவன் சண்டை போட்டுத் தடுத்தானா என்றால் இல்லை. வாடிப் போவான், அவ்வளவுதான். சண்டை போடுகிறவனை உதறிவிட்டுப் போகலாம்; வாடிப் போகிறவனை எப்படி விட்டுப் போவது? நம் வீடுகளிலும் இப்படி ஒருவரையாவது பார்த்திருப்போம். இந்த நாவலை அன்பின் காவியம் என்று யாராவது சொன்னால், லூயிஸ் பக்கம் நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்பேன்.

எண்பதாவது பிறந்தநாளுக்கு லூயிஸை ஒரு சின்ன விமானத்தில் ஏற்றுகிறார்கள். விமானி கொஞ்ச நேரம் அவன் கையிலேயே ஓட்டக் கொடுக்கிறார். வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் அந்தச் சில நிமிஷங்களில் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது அவனுக்கு. அந்த விமானத்திலும், கூடவே பெஞ்சமின்!

நன்றி.