உண்ணியைத் தின்ற நாய்

வணக்கம் நேயர்களே. உண்ணி நாயைக் கடித்தால் நோய் வரும், இது எல்லோருக்கும் தெரியும். நாய் உண்ணியைக் கடித்தால்? அப்போதும் வரும். ஹெப்படோசூன் என்ற ரத்த ஒட்டுண்ணி பரவுவதே அப்படித்தான். மேலே ஊர்கிற உண்ணியை நாய் பல்லால் கொறித்து விழுங்கும். ஒட்டுண்ணியும் கூடவே குடலுக்குள் போய்விடும்.

1905ல் இந்திய நாய்களின் ரத்தத்தில்தான் இதை முதலில் விவரித்தார்கள். உண்ணிக்குள் அது வளரும் விதத்தை 1907ல் எழுதியவர் கிறிஸ்டோபர்ஸ். நம் கிண்டி கிங் நிலையத்தின் முதல் பொறுப்பாளர். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயமேற்றினால், வெள்ளையணுவுக்குள் வெளிர்நீலத்தில் அரிசிமணி போல ஒன்று படுத்திருக்கும். அதுதான் ஆள்.

1978ல் அமெரிக்காவின் டெக்சாஸில், கொயோட்டிகளிடமும் நாய்களிடமும் இதே அரிசிமணி தென்பட்டது. கொயோட்டி என்றால் ஓநாய்க்குத் தம்பி, குள்ளநரிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்திய நாய்களிடம் கண்ட அந்தப் பழைய இனமான ஹெப்படோசூன் கேனிஸ்தான் இது என்று எழுதி வைத்தார்கள். ஆனால் நோய் ஒத்துப்போகவில்லை. கேனிஸ் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். பல நாய்கள் அதைச் சுமந்துகொண்டே ஓடியாடும். டெக்சாஸ் நாய்களோ வலியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தன. தசைக்குள் கட்டிகள், எலும்பின் மேல் புது எலும்பு. ரத்தத்தில் தேடினால் அரிசிமணி அபூர்வம். பரப்பும் உண்ணியும் வேறு, வளைகுடாக் கரை உண்ணி. கடைசியில் 1997ல் ஹெப்படோசூன் அமெரிக்கானம் என்று தனிப்பெயர் கொடுத்தார்கள்.

அப்புறம் மரபணு வாசிப்பு வந்தது. இரண்டின் எழுத்து வரிசையும் நன்றாகவே வேறுபட்டது. சரி, தீர்ந்தது என்று பார்த்தால், கேனிஸும் அமெரிக்காவிலேயே இருந்தது; சில நாய்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தது. இனம் பிரிக்க வழக்கமாகப் படிப்பது 18எஸ் என்ற ஒரே மரபணுவின் ஒரு துண்டு. மெதுவாக மாறுகிற மரபணு அது. அதில் நாலு எழுத்து மாறியதை வைத்துப் புது இனம் என்று அவசரப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஐரோப்பாவின் செந்நரிகள் இன்னொரு புதிர். கேனிஸைப் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. அது வெளியில் பிழைக்காத ஜெர்மனிக் குளிரிலும் நரிகளிடம் கேனிஸ் தாராளமாக இருக்கிறது. வேறு உண்ணி காரணமாக இருக்கலாம். ஆனால் பிறக்காத நரிக்குட்டிகளிடமும் அதன் டிஎன்ஏ கிடைத்திருக்கிறது. அந்தக் குட்டி எந்த உண்ணியைத் தின்றது?